கவுன்டி காலேஜில் ஏ.எஸ். எடுப்பதா, ஏ.ஏ.எஸ். எடுப்பதா?

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கும் ஒரு அப்பாவின் கேள்வி இது. மகன் இந்த வருடம் ஹை ஸ்கூல் முடிக்கிறான். கம்ப்யூட்டர் என்றால் உயிர், கணக்கு என்றால் கொஞ்சம் பயம். செலவை நினைத்து, முதல் இரண்டு வருடம் கவுன்டி காலேஜில் (மற்ற இடங்களில் கம்யூனிட்டி காலேஜ் என்பார்கள்) படிக்கட்டும் என்று வீட்டில் முடிவெடுத்திருக்கிறார்கள். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸில் ஏ.எஸ். என்று ஒரு பட்டம் இருக்கிறது, சைபர் செக்யூரிட்டியில் ஏ.ஏ.எஸ். என்று இன்னொன்று இருக்கிறது. இரண்டும் இரண்டு வருட அசோசியேட் பட்டங்கள், இரண்டும் சுமார் 60 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு), ஃபீஸும் ஒன்றேதான். முதலாவது யுனிவர்சிட்டிக்கு மாறுவதற்கு, இரண்டாவது நேராக வேலைக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்கு எச்-1பி வேலை விசா, பையனுக்கு அதைச் சார்ந்த எச்-4 விசா. “இப்போதைக்கு ஏ.ஏ.எஸ். படிக்கட்டும், வேண்டுமென்றால் அப்புறம் ரட்கர்ஸுக்கு மாறிக்கொள்ளலாம்தானே?” என்று, நியூ ஜெர்சியின் அரசு யுனிவர்சிட்டியான ரட்கர்ஸை மனதில் வைத்துக் கேட்டிருக்கிறார்.

இதில் எந்தப் பட்டம் உசத்தி என்ற கேள்வியே இல்லை. நாளைக்குப் பையன் மனம் மாறினால் எவ்வளவு பணமும் காலமும் வீணாகும் என்பதுதான் நீங்கள் கேட்பது. இதே மாநிலத்தில் வேறொரு கவுன்டி காலேஜில் 16 வருடமாக மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். செப்டம்பரில் பாடங்களைப் பதிவு செய்யவும் மூன்றாவது செமஸ்டரில் கையைப் பிசையவும் என் மேஜைக்கு வருபவர்கள் பெரும்பாலும் அதே பிள்ளைகள்தான். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் பெயர்கள். ஏ.ஏ. என்பது அசோசியேட் இன் ஆர்ட்ஸ், ஏ.எஸ். என்பது அசோசியேட் இன் சயின்ஸ், ஏ.ஏ.எஸ். என்பது அசோசியேட் இன் அப்ளைடு சயின்ஸ். கடைசிப் பெயரில் கூடுதலாக இருக்கும் அந்த ‘அப்ளைடு’தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. நியூ ஜெர்சி கவுன்டி காலேஜ்களில் ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூகவியல் போன்ற பொதுப் பாடங்கள் ஏ.ஏ.வில் குறைந்தது 45 கிரெடிட், ஏ.எஸ்.ஸில் 30, ஏ.ஏ.எஸ்.ஸில் 20. மீதி இடத்தைத் தொழில் பாடங்கள் நிரப்புகின்றன. யுனிவர்சிட்டிகள் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்வது பொதுப் பாடங்களைத்தான். தொழில் பாடங்களை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. “இரண்டும் 60தானே” என்ற கணக்கு இங்கேயே உடைந்துவிடுகிறது.

சட்டமும் இதே கோட்டில்தான் ஓடுகிறது. 2007இல் நியூ ஜெர்சி ஒரு சட்டம் போட்டது, லாம்பிட் சட்டம் என்று சொல்வோம். கவுன்டி காலேஜில் ஏ.ஏ. அல்லது ஏ.எஸ். முடித்த மாணவரை மாநிலத்தின் அரசு யுனிவர்சிட்டி ஒன்று சேர்த்துக்கொண்டால், அவருடைய கிரெடிட்களை மொத்தமாக ஏற்று மூன்றாம் வருட மாணவராக உட்கார வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஏ.ஏ.எஸ். அந்தப் பாதுகாப்புக்குள் வராது. ஏ.ஏ.எஸ். மாணவரின் ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாகப் பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று யுனிவர்சிட்டி தீர்மானிக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: ஏ.எஸ். முடித்தாலும் குறிப்பிட்ட ஒரு யுனிவர்சிட்டியில், குறிப்பிட்ட மேஜரில் (முதன்மைப் பாடத்தில்) இடம் கிடைத்தே தீரும் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. இடம் கிடைத்த பிறகு கிரெடிட் வீணாகாமல் காப்பது மட்டுமே அதன் வேலை.

அந்தக் காப்பிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இதைப் புரியவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கும். யுனிவர்சிட்டி ஒரு கிரெடிட்டை ‘ஏற்றுக்கொள்வது’ வேறு, அது உங்கள் மகனின் பட்டத்துக்குள் ‘பயன்படுவது’ வேறு. கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங்கில் ஏ.ஏ.எஸ். முடித்த ஒரு பையன் சில வருடம் முன்பு சந்தோஷமாக வந்து, வெளிமாநில யுனிவர்சிட்டி ஒன்று தன்னுடைய 60 கிரெடிட்டையும் எடுத்துக்கொண்டதாகச் சொன்னான். கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான், 60ம் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) ஏறியிருந்தன. ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டத்துக்கு உதவக்கூடியவை 21தான். மீதி எல்லாம் ‘ஃப்ரீ எலெக்டிவ்’ என்ற விருப்பப் பாடக் கூடையில் கிடந்தன, அந்தக் கூடைக்கோ இவ்வளவுதான் கொள்ளும் என்று ஒரு வரம்பு. 120 கிரெடிட் பட்டத்துக்கு அவன் இன்னும் மூன்றரை வருடம் படிக்க வேண்டியிருந்தது. யாரும் அவனை ஏமாற்றவில்லை. அவன் கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் கிடைத்தது, கேட்ட கேள்விதான் தப்பு.

இது ஒருவனுடைய கதை மட்டுமில்லை. அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2017இல் வெளியிட்ட அறிக்கை, கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்களை இழந்ததாக மதிப்பிட்டது. அது 2004 முதல் 2009 வரை மாறியவர்களைப் பற்றிய கணக்கு, எல்லா வகை மாற்றங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. அதனால் அந்த எண்ணை அப்படியே உங்கள் மகன் தலையில் வைக்க மாட்டேன். வீண் போவது அபூர்வம் இல்லை என்பதற்கு மட்டும் அது சாட்சி.

சரி, உங்கள் மகனிடம் வருவோம். கணக்கு பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். போகிற போக்கில் எழுதிய வரி அது, என் கண்ணுக்கு உங்கள் கேள்வியின் மையமே அதுதான். இந்த இரண்டு பட்டங்களுக்கும் உள்ள உண்மையான வேறுபாட்டை முதல் செமஸ்டரில் எந்தக் கணக்குப் பாடத்தில் பெயர் கொடுக்கிறான் என்பதிலேயே பார்த்துவிடலாம். ரட்கர்ஸ் நியூ பிரன்ஸ்விக்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேஜருக்குக் கால்குலஸ் 1, கால்குலஸ் 2, லீனியர் அல்ஜீப்ரா மூன்றும் வேண்டும். கவுன்டி காலேஜில் கால்குலஸுக்கு முன் ப்ரீகால்குலஸ், அதற்கு முன் காலேஜ் அல்ஜீப்ரா. இது ஏணி மாதிரி. ஒரு படியில் ஏறாமல் அடுத்த படிக்குப் போக முடியாது, ஒரு செமஸ்டருக்குப் பெரும்பாலும் ஒரு படிதான். காலேஜ் அல்ஜீப்ராவில் தொடங்குகிற பையன் கால்குலஸ் 2ஐத் தொடும்போது நான்காவது செமஸ்டர் வந்துவிடும். அதற்கும் கீழே தொடங்கினால் ஏ.எஸ். இரண்டு வருடத்தில் முடியாது, கோடை விடுமுறையில் ஒன்றிரண்டு படி ஏறினால்தான் உண்டு. சைபர் செக்யூரிட்டி ஏ.ஏ.எஸ்.ஸில் பெரும்பாலும் ஒரே ஒரு கணக்குப் பாடம் இருக்கும், அது புள்ளியியலாகவோ அதைவிட எளிதாகவோ இருக்கலாம். அதை எடுத்துப் பாஸானவன் இரண்டு வருடம் கழித்து மனம் மாறினால், ஏணியின் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதில் நானே ஒரு பெண்ணுக்குத் தப்பான யோசனை சொல்லியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், “முதல் செமஸ்டர்தானே, லேசான கணக்கு எடுத்து ஜி.பி.ஏ.வைக் (சராசரி மதிப்பெண்ணை) காப்பாற்றிக்கொள்” என்றேன். ஜி.பி.ஏ. நன்றாகத்தான் வந்தது. அவளுக்கு என்ஜினீயரிங் பிடித்துப்போனபோது, என் யோசனையால் அவள் ஒரு வருடம் பின்னால் நின்றாள். அதிலிருந்து எந்தப் பட்டம் என்று கேட்டு வருகிறவரிடம் முதலில் பிளேஸ்மென்ட் தேர்வு (எந்த நிலைக் கணக்கில் தொடங்கலாம் என்று காலேஜ் வைக்கும் தேர்வு) முடிவைத்தான் கேட்கிறேன்.

இதுவரை எழுதியதைப் படித்தால் ஏ.ஏ.எஸ்.ஸை நான் மட்டம் தட்டுவது போல இருக்கும். அப்படி இல்லை. ஏ.எஸ். போன்ற டிரான்ஸ்ஃபர் பட்டம் எடுத்தால் நான்கு வருட பி.எஸ். பட்டமே கையில் வந்தது மாதிரி என்று நம்மவர்கள் நினைப்பதும் மாயைதான். கொலம்பியா யுனிவர்சிட்டியின் கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மையமும் மாணவர் பதிவுகளைத் தொகுக்கும் நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, கம்யூனிட்டி காலேஜில் முதன்முதலாகச் சேர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே நான்கு வருடக் கல்லூரிக்கு மாறினார்கள். ஆறு வருடத்துக்குள் பேச்சலர் பட்டம் வாங்கியது 100க்கு 16 பேர். சேரும்போது பேச்சலர் பட்டம் வேண்டும் என்று சொல்கிறவர்களோ 100க்கு 80 பேர். பாதியில் நின்றுபோன ஒரு ஏ.எஸ்.ஸுக்குச் சந்தையில் மதிப்பு மிகக் குறைவு. முழுதாக முடித்த ஏ.எஸ்.ஸுக்கே தனியாக மதிப்பு அதிகம் இல்லை. அது மேலே போவதற்கான படி, அங்கேயே உட்கார்ந்துவிட முடியாது.

ஏ.ஏ.எஸ்.ஸில் பளிச்சென்று ஜெயிக்கும் துறைகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு பொது அடையாளம் உண்டு: பட்டத்துக்குப் பின்னால் ஒரு லைசென்ஸோ தேசிய அளவிலான தேர்வோ நிற்கும். நர்ஸிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருட நர்ஸிங் பட்டம் முடித்தவரும் நான்கு வருட பி.எஸ்.என். (நர்ஸிங் பேச்சலர் பட்டம்) முடித்தவரும் எழுதுவது ஒரே என்.சி.எல்.இ.எக்ஸ். தேர்வுதான், இருவருக்கும் கிடைப்பது ஒரே ஆர்.என். (ரெஜிஸ்டர்டு நர்ஸ்) லைசென்ஸ்தான். எக்ஸ்ரே எடுக்கும் ரேடியாலஜிக் டெக்னாலஜிஸ்ட் தேர்வை நடத்தும் ஏ.ஆர்.ஆர்.டி. 2015லிருந்து குறைந்தது அசோசியேட் பட்டம் கேட்கிறது. பல் சுத்தம் செய்யும் டென்டல் ஹைஜீனிஸ்ட் வேலைக்கும் வழக்கமான வாசல் அசோசியேட் பட்டம்தான். 2023 மே மாதத் தொழிலாளர் புள்ளிவிவரப்படி அமெரிக்காவில் டென்டல் ஹைஜீனிஸ்ட்டின் இடைநிலைச் சம்பளம் வருடத்துக்கு 87,530 டாலர். ஆர்.என். சம்பளம் 86,070. ஆர்.என். எண்ணில் பி.எஸ்.என். படித்தவர்களும் கலந்திருக்கிறார்கள், அதைக் கொஞ்சம் தள்ளிப் படிக்க வேண்டும். நம் குடும்பங்களில் “வெறும் இரண்டு வருடப் படிப்பா” என்று முகம் சுளிக்கிற அத்தைமார்களுக்கு இந்த எண்களைக் காட்டலாம். ஆனால் இந்தப் படிப்புகளில் நுழைவதே போட்டி. முன்பாடங்களை முடித்து, தனி விண்ணப்பம் போட்டு, மருத்துவமனைப் பயிற்சி இடத்துக்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டு வருடம் என்று பெயர், நடைமுறையில் மூன்றுக்கு மேல் ஆகிவிடும். பக்கத்து நியூயார்க்கில் 2017இல் வந்த சட்டப்படி, அதற்குப் பிறகு படிப்பில் சேர்ந்து ஆர்.என். ஆகிறவர்கள் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடித்தாக வேண்டும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சைபர் செக்யூரிட்டிக்குப் பின்னால் அப்படி எந்த லைசென்ஸும் இல்லை. செக்யூரிட்டி பிளஸ் போன்ற சான்றிதழ்கள் இருக்கின்றன, நல்லவைதான். ஆனால் அவற்றை எந்தப் பட்டம் படிப்பவரும், பட்டமே படிக்காதவரும் எழுதலாம். அதனால் ஏ.ஏ.எஸ். முடித்தவர் வேலைச் சந்தையில் பி.எஸ். முடித்தவரோடு ஒரே வரிசையில்தான் நிற்கிறார். இரண்டு வருடப் பட்டத்தோடு நல்ல வேலைக்குப் போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், ஹெல்ப் டெஸ்க்கிலேயே நின்றுவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். நல்ல வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே வேலை அனுபவம் உள்ள, வயதில் கொஞ்சம் மூத்தவர்கள். இது நான் கண்ட அளவில் சொல்வது. நிச்சயம் என்று கையெழுத்துப் போட மாட்டேன்.

என்ஜினீயரிங் பக்கம் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘என்ஜினீயரிங் சயின்ஸ்’ ஏ.எஸ்., ‘எலெக்ட்ரிக்கல் என்ஜினீயரிங் டெக்னாலஜி’ ஏ.ஏ.எஸ். இரண்டையும் பார்த்து, பெயரில் எலெக்ட்ரிக்கல் இருக்கிறதே என்று இரண்டாவதைத் தேர்ந்தெடுத்த பெற்றோர் பலர். நம்மூர்ப் பாலிடெக்னிக் கணக்கு மனதில் ஓடுகிறது: டிப்ளமோ முடித்தால் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருடம், அது போலத்தான் என்று. இங்கே அப்படி ஒரு பொது வாசல் கிடையாது. என்ஜினீயரிங்கும் என்ஜினீயரிங் டெக்னாலஜியும் தனித்தனித் தண்டவாளங்கள், என்ஜினீயரிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஏபெட் அமைப்பு இரண்டுக்கும் தனித்தனிக் குழு வைத்து அங்கீகாரம் தருகிறது. டெக்னாலஜி ஏ.ஏ.எஸ். முடித்தவருக்கு நியூஆர்க்கில் உள்ள என்.ஜே.ஐ.டி. போன்ற இடங்களில் பி.எஸ். என்ஜினீயரிங் டெக்னாலஜிக்குப் போக நல்ல வழி இருக்கிறது. பி.எஸ். எலெக்ட்ரிக்கல் என்ஜினீயரிங்குக்குப் போக வேண்டுமென்றால் கால்குலஸும் பிசிக்ஸும் புதிதாகப் படிக்க வேண்டும்.

அதே போல, ஏ.ஏ.எஸ். எடுத்தால் பேச்சலர் பட்டமே கிடையாது என்றும் யாரும் பயமுறுத்த வேண்டாம். டிரென்டனில் இருக்கும் தாமஸ் எடிசன் ஸ்டேட் யுனிவர்சிட்டி, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடிக்கிற பெரியவர்களுக்காகவே 1972இல் தொடங்கியது. பல இடங்களில் வாங்கிய கிரெடிட்களைச் சேர்த்துப் பட்டமாக்குவதில் அதற்குப் பெயர் உண்டு. பல மாநிலங்களில் ஏ.ஏ.எஸ்.ஸின் மேல் கட்டும் ‘அப்ளைடு’ பேச்சலர் பட்டங்களும் வந்துவிட்டன. 25 வயதில் வேலையில் இருக்கிற ஒருவருக்கு இவை அருமையான வழிகள். 18 வயதில், ரட்கர்ஸ் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று மனதில் வைத்திருக்கிற பையனுக்கு இவை சுற்றுவழி.

இப்போது எச்-4. இங்கேதான் உங்களுக்கான பதில் பக்கத்து வீட்டுக்காரருக்கான பதிலிலிருந்து பிரிகிறது. நான் குடியேற்ற வழக்கறிஞர் இல்லை. பொது விதிகளை மட்டும் சொல்கிறேன், உங்கள் தேதிகளை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். எச்-4 பிள்ளை படிக்கலாம், சம்பள வேலை பார்க்க முடியாது. ஆகவே ஏ.ஏ.எஸ்.ஸின் பெரிய கவர்ச்சியான சம்பளத்தோடு கூடிய இன்டர்ன்ஷிப் அவனுக்கு இல்லை, முடித்ததும் வேலை என்பதும் இல்லை. 21 வயதில் எச்-4 முடிந்துவிடும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். எஃப்-1 மாணவருக்குப் படிப்புக்குப் பிறகு கிடைக்கும் ஓ.பி.டி. வேலை அனுமதி 12 மாதம். அதன் மேல் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், என்ஜினீயரிங், கணக்கு) துறைக்கான 24 மாத நீட்டிப்புக்குப் பேச்சலர் பட்டமாவது வேண்டும். எச்-1பிக்கும் அந்தத் துறையில் பேச்சலர் பட்டமோ அதற்கு ஈடானதோ அடிப்படை. இன்னொன்று, சைபர் செக்யூரிட்டியில் அரசு சார்ந்த வேலைகளில் கணிசமானவை செக்யூரிட்டி கிளியரன்ஸ் (ரகசியத் தகவல்களைக் கையாள அரசு தரும் அனுமதி) கேட்பவை, அதற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், எச்-4இல் இருக்கும் பையனுக்கு ஏ.ஏ.எஸ். எந்த வாக்குறுதியைக் காட்டி அழைக்கிறதோ அதையே நிறைவேற்ற முடியாத நிலைமை. கிரீன் கார்டு கையில் இருந்திருந்தால் நான் இவ்வளவு அடித்துச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆகவே உங்களுக்கு என் பதில் ஏ.எஸ். என்பதுதான். ஆனால் வெறும் ‘ஏ.எஸ். எடுங்கள்’ இல்லை. ரட்கர்ஸ், என்.ஜே.ஐ.டி., ரோவன் என்று மூன்று இடங்களை இப்போதே எழுதிவையுங்கள். என்.ஜே. டிரான்ஸ்ஃபர் என்ற இணையதளத்தில் உங்கள் கவுன்டி காலேஜையும் அந்த யுனிவர்சிட்டியையும் மேஜரையும் கொடுத்தால் எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று காட்டும். அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு, கவுன்டி காலேஜ் பாடப் பட்டியலைக் கடைசி செமஸ்டரிலிருந்து முதல் செமஸ்டர் நோக்கிப் படியுங்கள். முன்னிருந்து படித்தால் எல்லாம் அழகாகத் தெரியும். பின்னிருந்து படித்தால்தான் எந்தப் பாடத்துக்கு எது முன்பாடம், எங்கே தடுக்கும் என்று புலப்படும். பாடங்களை விசாரிக்கும்போது “இதை ஏற்பீர்களா” என்று கேட்காதீர்கள், “கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.எஸ்.ஸில் இது எந்தப் பாடத்துக்குப் பதிலாக நிற்கும்” என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள், போனில் சொன்னது யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஏ.எஸ்.ஸில் இருக்கும் எலெக்டிவ் இடத்தில் சைபர் செக்யூரிட்டியின் அறிமுகப் பாடத்தை வையுங்கள், பையனுக்கு ஆசையும் தீரும். செக்யூரிட்டி பிளஸ் வேண்டுமென்றால் ஒரு கோடையில் தானே படித்து எழுதட்டும்.

செலவு விஷயத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. ஹை ஸ்கூல் வகுப்பில் முதல் 15 சதவீதத்துக்குள் இருப்பவர்களுக்கு என்.ஜே. ஸ்டார்ஸ் என்ற திட்டம் கவுன்டி காலேஜ் டியூஷனைக் கட்டுகிறது. எச்-4 பிள்ளைகளுக்கு ஃபெடரல் உதவித்தொகை கிடையாது. ஸ்டார்ஸ் விதிகளில் விசா பற்றி இந்த வருடம் என்ன இருக்கிறது என்பதைப் பள்ளிக் கவுன்சலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபுளோரிடாவில் யுனிவர்சிட்டிக்கு மாறுவதற்கான பட்டம் ஏ.ஏ., அங்கே ஏ.எஸ். என்பதே தொழில் பக்கம் சாய்ந்தது. கலிஃபோர்னியாவில் 2010இல் வந்த சட்டத்தின்படி டிரான்ஸ்ஃபருக்கென்றே ஏ.ஏ.-டி., ஏ.எஸ்.-டி. என்று தனிப் பட்டங்கள், அவற்றை முடித்தால் கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) அமைப்பில் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி. அதே கல்லூரியில் ‘-டி’ இல்லாத ஏ.எஸ்.ஸும் இருக்கும், அதற்கு அந்த உறுதி கிடையாது. வாஷிங்டன் மாநிலத்தில் செமஸ்டருக்குப் பதில் குறுகிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை, 60க்குப் பதில் 90 கிரெடிட். எழுத்துகள் ஒன்றாக இருந்தாலும் பொருள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

மகனின் கணக்கு பிளேஸ்மென்ட் முடிவு வந்ததும் இதே இடத்தில் எழுதுங்கள். ப்ரீகால்குலஸில் வைத்தால் ஒரு திட்டம், அதற்குக் கீழே வைத்தால் இந்தக் கோடையிலேயே ஒரு பாடத்தை முடிக்க வேண்டிய இன்னொரு திட்டம். இரண்டையும் செமஸ்டர் வாரியாகப் போட்டுத் தருகிறேன்.